கட் சொன்ன பிறகு

ஷிஹாம் கராம்பு மூட்டைகளுக்கு நடுவே விழுந்து புரண்டு அழுதபோது, பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் பாதிப் பேர் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார்கள். முனவ்வரா துடைக்கவில்லை. கையில் ப்ளேன்டீத் தட்டு இருந்தது ஒரு காரணம். புரண்டது அவளுடைய புருஷன், அந்த அழுகையில் ஒரு சொட்டுக்கூட உண்மை இல்லை என்று அவளுக்குத் தெரியும், அது மற்றக் காரணம்.

படம் பள்ளிவாசல் நிர்வாகத்துடையது. மாத்தளையில் ஐஸ் என்கிற போதைச் சனியன் வீட்டுக்கு வீடு நுழைந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல ஒரு குறும்படம் எடுப்போம் என்று ட்ரஸ்டிமார் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். இயக்கம், ஷிஹாமின் அண்ணன் லாபிர் நாநா. கராம்பு, மிளகு, சாதிக்காய் வாங்கி விற்கிறவருக்கு இயக்கம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நாலு சினிமா பார்த்த மனுஷனுக்குப் போதை ஏற்றுகிற குடுக்காரன் எப்படி இருப்பான் என்று தெரியாதா? கண் சிவந்திருக்கும். தலை பரட்டையாய் இருக்கும். கையில் ஊசி இருக்கும். நடக்கிறபோது சுவரைப் பிடிப்பான், உம்மாவை அடிப்பான், கடைசியில் வாயில் நுரை தள்ளிச் செத்துப்போவான். லாபிர் இதில் ஒன்றையும் விடவில்லை. சொந்த ஸ்டோர் அறையிலேயே பச்சை பல்பு மாட்டி, தம்பியின் கண்ணுக்குக் கீழே தலைவலி பாம் தேய்த்து, வாயில் பற்பசையை அப்பி, சட்டையைத் தன் கையாலேயே கிழித்துவிட்டார்.

"கட்," என்றார் லாபிர். "மாஷா அல்லாஹ். நுரை நல்லா வந்திச்சி."

கட் சொன்ன அடுத்த நொடியே ஷிஹாம் எழும்பிவிட்டான். முகத்தைக் கழுவினான், நாலு பேரைச் சிரிக்க வைத்தான், தரையில் கிடந்த வயரைச் சுருட்டினான், சுருட்டியது பிடிக்காமல் பிரித்துத் திரும்பச் சுருட்டினான். கேமராக்காரர் சசிக்குமாரின் ஸ்டேண்டில் ஒரு திருகாணி லூசாக இருக்கிறது என்று அதைக் கழற்றினான். பேசிக்கொண்டே இருந்தான். வாயில் எப்போதும்போல ஒரு கராம்பு. தாடை மட்டும் தனியாக அரைத்துக்கொண்டே இருந்தது.

"ஒக்கார மாட்டான் பாருங்க," என்று ஸுபைதா மாமி பக்கத்துப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னாள். "என்ட ரெண்டு புள்ளைகள்ல இவன்தான் வேலக்காரன்."

முனவ்வரா தட்டைக் கீழே வைத்தாள். மாமியின் வேலைக்காரப் பிள்ளை முந்தாநாள் இரவிலிருந்து கண்மூடவில்லை. நேற்று விடிய விடிய ரைஸ் குக்கரைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தான். குக்கரில் எந்தக் கோளாறும் இல்லை.

அவளும் முதலில் சினிமாவைத்தான் நம்பினாள். சும்மா சொல்லக்கூடாது, அவளும் படம் பார்த்து வளர்ந்தவள்தானே. ஷிஹாம் சாப்பாட்டைக் குறைத்து, இரவில் விழித்திருந்து, ஜன்னலுக்கெல்லாம் பழைய பேப்பர் ஒட்டத் தொடங்கியபோது அவளுக்குச் சந்தேகம் வந்தது. அவன் ஒருநாள் அடித்துப் போட்டதுபோல் தூங்கிய நேரம் பார்த்து, சட்டைக் கையை மெல்ல மடித்து ஊசி குத்திய தழும்பு இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. விழித்ததும் கண்ணைப் பார்த்தாள், சிவக்கவில்லை. சட்டையை மோந்தாள், கராம்பு வாசம். அல்ஹம்துலில்லாஹ் என்று நெஞ்சில் கைவைத்தாள் பாவி. தேடக்கூடாத இடத்திலெல்லாம் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகப் படுத்தாள்.

பிறகு பைக் சீட்டுக்கு அடியில் கரி பிடித்த ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் கிடைத்தது. கேட்டாள்.

"கார்டன்ல எண்ண காய்ச்சுற குழாய் முனா," என்றான் அவன், கண்ணே சிமிட்டாமல்.

நம்பும்படியான பொய். தம்புள்ள ரோட்டில் உள்ள ஒரு ஸ்பைஸ் கார்டனில் அவன் கைட். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, வெள்ளைக்காரர்களுக்குக் கறுவாவையும் ஏலத்தையும் கிள்ளிக் காட்டி, சின்னக் குப்பிகளில் எண்ணெய் விற்கிறவன். அங்கே கண்ணாடிக் குழாய்க்குப் பஞ்சமா? கொஞ்ச நாளாக அவன் முன்னைவிட இரண்டு மடங்கு பேசினான், இரண்டு மடங்கு விற்றான். முதலாளி தோளில் கைபோட்டுக்கொண்டு திரிந்தார். இப்படி ஒரு குடுக்காரனை எந்தப் படத்தில் காட்டியிருக்கிறார்கள்?

ஐஸ் பாவிக்கிறவர்களைப் பற்றி அவள் கைபேசியில் தேடித் தேடி வாசித்தாள். தாடை அரைப்பது, தூங்காதது, வெளியே யாரோ நிற்கிறார்கள் என்பது, சாமானைப் பிரித்துப் பிரித்துப் பூட்டுவது, எல்லாம் அங்கே வரிசையாக எழுதியிருந்தது. கண்டிப் பக்கம் போதையை மறக்கவைக்கிற ஒரு இடத்துக்கு போன் எடுத்துக் கேட்டாள். "ஆள் மனசு ஒத்து வரணும். வீட்டு ஆள் ஒருத்தர் கூட வரணும்," என்றார்கள். ஷிஹாம் ஒத்துக்கொள்வது என்றால் உலகத்தில் ஒரே ஒருவர் சொன்னால்தான் நடக்கும். வாப்பா மவுத்தாகி அடக்கம் செய்த நாளிலிருந்து அவனுக்கு வாப்பா, நாநாதான். லாபிர் நம்பினால் புருஷன் பிழைப்பான். நம்பாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவளுக்குத் தைரியம் வரவில்லை.

படப்பிடிப்பு முடிந்து இரண்டொரு நாளில் போனாள். லாபிர் முற்றத்தில் சாதிக்காய் காயப்போட்டிருந்தார். காலால் கிளறிக்கொண்டே கேட்டார்.

"என்னா தங்கச்சி, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"நாநா, அவரு ஐஸ் பாவிக்கிறாரு."

காலை நிறுத்தினார். அவளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஷிஹாமா? அவன எதுக்கு நடிக்கப் போட்டேன்னு நெனக்கிறீங்க? ஊர்ல யாரப் போட்டாலும் நெசமாவே பாவிக்கிறவன்னு கத கட்டுவாங்க. இவன யாரும் சந்தேகப்பட ஏலாதுன்னுதானே போட்டேன்."

"ராவுக்குத் தூங்குறது இல்ல நாநா."

"நானும்தான் தூங்குறது இல்ல. கராம்பு வெல விழுந்தா யாருக்குத் தூக்கம் வரும்?"

"ஜன்னல்ல எல்லாம் பேப்பர் ஒட்டி வெச்சிருக்காரு."

"வெயிலுக்கு ஒட்டிருப்பான். தங்கச்சி, குடுக்காரன் வேலைக்குப் போவானா? தொழுகைக்கு வருவானா? என்னப் பாத்து நேரா நின்னு கதைப்பானா? நீங்க படத்தப் பாத்துப் பயந்துட்டீங்க."

படத்தைப் பார்த்துக் கெட்டுப்போனது யார் என்று அவள் நாக்கு நுனிவரை வந்தது. கணவனின் அண்ணன், ட்ரஸ்டி, ஊர்ப் பெரியவர். நாக்கை மடித்துக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஸ்கூல் ஹோலில் படம் போட்டார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். ஷிஹாம் திரையில் உம்மாவைத் தள்ளியபோது ஹோலே மூச்சடக்கியது. நுரை தள்ளிச் செத்தபோது ஸுபைதா மாமி, சொந்த மகன் நாலு வரிசைக்கு முன்னால் உயிரோடு இருப்பதை மறந்து, "யா அல்லாஹ்" என்று ஒப்பாரி வைத்தாள். முடிந்ததும் கைதட்டல் நிற்கவே இல்லை. இனி எங்கட ஊர்ல ஒருத்தன் பாவிச்சா நாங்க பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருவோம் என்று ஒருவர் ஒலிவாங்கியில் அறிவித்தார். அவர் அதைச் சொன்னபோது ஷிஹாமின் தோளில்தான் கைவைத்திருந்தார்.

அன்று அந்திக்கு அவன் கைபேசியில் அந்தப் படத்தைப் போட்டு முனவ்வராவின் மூக்கருகே நீட்டினான்.

"நாநாகிட்ட போய் என்னத்தையோ சொன்னியாமே. பாரு. நல்லாப் பாரு. குடுக்காரன்னா இப்படித்தான் இருப்பான். நான் இப்படியா இருக்கேன்?"

அவன் குரலில் கோபத்தைவிடக் கெஞ்சல்தான் அதிகம் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, இவன் ஏமாற்றுவது அவளை மட்டும் இல்லை. அந்த நுரை தள்ளுகிறவனைப் பார்த்துப் பார்த்து, நான் அவன் இல்லை, ஆகவே எனக்கு ஒன்றும் இல்லை என்று தன்னையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறான். ஊரே கைதட்டிச் சாட்சி சொல்லிவிட்டதே, பிறகென்ன?

"நீங்க அப்படி இல்ல," என்றாள். "அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அவன் கைபேசியின் பின்மூடியை நகத்தால் நெம்பத் தொடங்கினான்.

அடுத்த கிழமை ஒருநாள் மகள் அம்றா ஸ்கூலில் இல்லை. முதலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. காலையில் வாப்பாவோடு பைக்கில் ஏறிப் போனாள். பத்து மணி போல ஆசிரியை போன் எடுத்து, பிள்ளைக்குச் சுகமில்லையா என்று கேட்டார். முனவ்வரா ஷிஹாமுக்கு எடுத்தாள், எடுத்தாள், எடுத்துக்கொண்டே இருந்தாள். வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்து செருப்பு அறுந்தது. லுஹர் தொழுகைக்குப் பிறகு பைக் வந்து நின்றது. பிள்ளையின் வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண் தூசு.

"உம்மா, நாங்க தூரமா நாவுல ஊருக்குப் போனோம்," என்றாள் அம்றா. "பின்னால ஒரு வேன் வந்திச்சி. வாப்பா பைக்க வேகமா வேகமா ஓட்டினாரு, தப்பிச்சிட்டோம். வயக்காட்டுல ஒளிஞ்சிருந்தோம். எனக்குப் பசிக்குது."

"என்னா வேன்?" என்று முனவ்வரா புருஷனைக் கேட்டாள்.

"வெள்ள வேன். இல்ல, சாம்பல். மார்க்கெட்ல இருந்தே வந்தான். நீ யாருக்காவது போன் பண்ணுனியா? உண்மயச் சொல்லு."

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள். இந்தத் தடவையும் லாபிருக்குச் சொன்னாள், போனில். புள்ளைய ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயிருக்கான், இதப் போய்ப் பெரிசாக்குறீங்களே என்றார் அவர். முனவ்வரா போனை வைத்துவிட்டு, அம்றாவைத் தன் உம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அங்கிருந்து நேராக ஊர் நடுவே உள்ள திருகோணமலை வீதிக்கு நடந்தாள்.

சசிக்குமாரின் ஸ்டூடியோ ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்தது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, வாடகைக் கேமராவில் தொழில் பழகி, இன்று மாத்தளையில் யார் வீட்டுக் கலியாணமானாலும் கூப்பிடப்படுகிற மனுஷன். முனவ்வராவைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"சசி அண்ணே, படத்துல வெட்டிப் போட்ட துண்டு எல்லாம் இருக்குமா?"

"இருக்குங்களே. நான் கேமராவ நிப்பாட்டுற பழக்கமே இல்லீங்க. கலியாண வீட்டுல சடங்கு முடிஞ்ச பின்னாடிதான் பொண்ணோட அப்பா அழுவாரு, மாப்பிள நகம் கடிப்பாரு. அதத்தான் வீட்டுக்காரங்க கடைசில கேப்பாங்க. அதனால யாரு கட் சொன்னாலும் நான் ஓட விட்டுருவேன்."

போட்டார். இரண்டு நிமிடம் பார்த்ததும் முனவ்வரா வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் அவள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் இதோ திரையில் இருந்தான். கனவு கண்டேனா, எனக்குத்தான் கிறுக்கோ என்று அவள் தன்னையே சந்தேகப்பட்ட நாட்கள் உண்டு. கிறுக்கு இல்லை.

"என்ன தங்கச்சி?" என்று சசிக்குமார் பதறினார். அவள் சொன்னாள். அவர் திரையைப் பார்த்தார், திரும்ப முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார்.

"நானும் இதெல்லாம் பாத்துதானே வெட்டுனேன்," என்றார் மெதுவாக. "எனக்கும் தெரியலீங்களே."

முனவ்வரா கேட்டுக்கொண்டபடி, ஞாயிற்றுக்கிழமை காலையில் சசிக்குமார் லாபிர் வீட்டுக்கு வந்தார். படத்தில் வராத காட்சிகள் இருக்கின்றன, குடும்பத்தோடு பாருங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார். லாபிர் குஷியாகிவிட்டார். ஸுபைதா மாமி சோபாவில் நடுவே உட்கார்ந்தாள். ஷிஹாம் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதிரை நுனியில் இருந்தான். முனவ்வரா சமையலறை வாசலில் நின்றாள்.

லாபிர் கட் சொல்கிற குரலோடு தொடங்கியது. ஷிஹாம் நுரையைத் துப்பிவிட்டு எழுந்ததைப் பார்த்து மாமி சிரித்தாள், ஷிஹாமும் சிரித்தான். பிறகு சிரிக்கிற மாதிரி ஒன்றும் வரவில்லை. திரையில் அவன் ஒரு மூட்டையின் ஓரத்தில் உட்கார்ந்து, சிந்திக்கிடந்த கராம்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தரையில் வரிசை வைத்துக்கொண்டிருந்தான். வரிசை கோணியதும் கலைத்தான். திரும்ப வைத்தான். தாடை அரைத்தது. இடது முழங்கையைச் சொறிந்தான், சொறிந்த இடத்தையே சொறிந்தான். யாரோ பக்கத்தில் சாப்பாட்டுப் பார்சலை நீட்டியதை அவன் காணவே இல்லை.

"வெளிய யாரு?" என்றான் திரையில் இருந்தவன்.

"யாரும் இல்ல," என்றது சசிக்குமாரின் குரல்.

கொஞ்சம் கழித்துக் கதவைப் பார்த்தான். "வெளிய யாரோ நிக்கிறாங்க."

"யாரும் இல்லீங்க."

"இல்ல, நிக்கிறாங்க."

முனவ்வரா திரையைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்தாள். அவன் சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. அவன் மடியில் ரிமோட் பிரிந்து கிடந்தது. மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம். விரல்கள் அந்தப் பேட்டரிகளைத் தொடையில் வரிசையாக வைத்து, கலைத்து, திரும்ப வைத்துக்கொண்டிருந்தன. அவன் திரையில் இருந்த கையைப் பார்த்தான். குனிந்து மடியில் இருந்த கையைப் பார்த்தான். நிறுத்த முயன்றான். கை நிற்கவில்லை. ஒரு கையால் மற்றக் கையைப் பிடித்து அமுக்கினான்.

"நிப்பாட்டுங்க," என்றான்.

சசிக்குமார் நிறுத்தினார்.

"ஏன்டா, இன்னும் இருக்கே," என்றார் லாபிர். "இதுல என்னா இருக்கு? எங்கட ஷிஹாம்தானே, எப்பவும் போல நல்லாத்தானே இருக்கான்."

"நல்லா இல்ல நாநா." ஷிஹாமின் குரல் உடைந்தது. "பச்சை லைட்டுல நான் செஞ்சது நடிப்பு. இதுதான் நெசம். ரெண்டு நாளா கண் மூடல. புள்ளைய வயக்காட்டுல ஒளிச்சி வெச்சேன். ஒரு வேனும் வரல நாநா, இப்ப யோசிச்சா ஒரு வேனும் வரல. முனா சொல்றது உண்ம. என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போங்க."

லாபிர் தம்பியையே பார்த்தார். பிறகு அவர் முகத்தில் அந்தப் பெருமைச் சிரிப்பு மெல்ல வந்தது. அந்தச் சிரிப்பை முனவ்வரா மறுமையிலும் மறக்கமாட்டாள்.

"அடேயப்பா," என்றார் சசிக்குமாரைப் பார்த்து. "இப்பவும் நடிக்கிறான் பாத்தீங்களா? கேமரா இல்லாமலே கண்ணீர் வருது."

ஷிஹாம் வாயைத் திறந்தான். எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிறவன், தேவைப்பட்ட ஒரே நேரத்தில் ஊமையாகிப்போனான். முனவ்வராவுக்கு உச்சந்தலைவரை கொதித்தது. இனி யார் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. ஆள் மனசு ஒத்து வரணும், ஒத்துக்கொண்டுவிட்டான். வீட்டு ஆள் ஒருத்தர் வரணும். நான் யார், வீட்டு ஆள் இல்லையா? இவ்வளவு நாளும் இது ஏன் என் மண்டையில் ஏறவில்லை?

நேராக வந்து அவன் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"எழும்புங்க. போவோம்."

"எங்க புள்ள போறீங்க?" என்றாள் மாமி. "சாப்பாடு ஆகுது."

"கண்டிக்கு, மாமி. உங்கட மகன் சொன்னது நடிப்பு இல்ல. நீங்க ரெண்டு பேரும் அவர்ட மொகத்தப் பாக்கவே இல்ல, படத்தத்தான் பாத்தீங்க."

லாபிரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் என்ன சொன்னார் என்று கேட்க அவள் நிற்கவில்லை. சந்தியில் நின்ற த்ரீவீலைக் கைதட்டிக் கூப்பிட்டு, அவனை உள்ளே தள்ளி, பக்கத்தில் ஏறிக்கொண்டாள். த்ரீவீல் மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டிக் கண்டி ரோட்டில் ஏறியது. அவன் கையை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அதற்குள்ளும் விரல்கள் எதையோ வரிசை வைத்துக்கொண்டிருந்தன. இறுக்கிப் பிடித்தாள். பைத்தியக்காரா, என்று நினைத்தாள், நீ இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவன் தோள் விறைத்தது. கழுத்தைத் திருப்பப் பயந்தவனாய் முன்னாலேயே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"முனா, பின்னால யாரோ வாராங்க."

யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். இவ்வளவு நாளும் சொன்ன பதில் அதுதான். ஆனாலும் இந்தத் தடவை திரும்பி, பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

ஷிஹாமின் பைக் வந்துகொண்டிருந்தது. ஹெல்மட் இல்லை. சாரம் முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. ஓட்டிப் பழகாத பைக்கை அங்கும் இங்கும் ஆட்டிக்கொண்டு, ஒரு கையைத் தூக்கி, நிப்பாட்டு, நிப்பாட்டு என்று காட்டிக்கொண்டே வந்தார் லாபிர். காற்றில் கண்ணைச் சுருக்கியிருந்தார். அழுதுகொண்டிருந்தார்.

"ஆமா," என்றாள் முனவ்வரா. "வாராங்க. நாநா வாராரு."